ஆபீசில் எட்டு டிவி: ஸ்ப்ளிட்டரா, மேட்ரிக்ஸா, நெட்வொர்க்கா?

கேரள-தமிழ்நாடு எல்லையில் கஞ்சிக்கோடு, வாளையாறு, கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு கம்பெனி ஆபீசுக்கு டிவி மாட்ட விலை கேட்டால், கடைக்காரர் முதலில் கேட்பது "எத்தனை டிவி?" என்றுதான். கேட்க வேண்டியது வேறு: ஒரே நேரத்தில் எத்தனை வெவ்வேறு படம் ஓட வேண்டும்? கேன்டீனில் மலையாளச் செய்தி, லாரி ஓட்டுநர் ஓய்வறையில் தமிழ் சேனல், புரொடக்‌ஷன் ஹாலில் அன்றைய உற்பத்திக் கணக்கு, மீட்டிங் அறையில் யாரோ ஒருவரின் லேப்டாப். டிவி எட்டு, படம் நான்கு. எந்தக் கருவி வாங்குவது என்பதை இந்த நான்குதான் முடிவு செய்கிறது.

மாதிரிக்கு ஒரு கட்டடம் வைத்துக்கொள்வோம். மாடியோடு சேர்ந்த ஆபீஸ். கீழே நான்கு டிவி, மேலே மூன்று. எட்டாவது டிவி முற்றத்தைத் தாண்டி 90 மீட்டரில் தனியாக நிற்கும் ஓட்டுநர் அறையில். மற்ற ஏழும் சர்வர் அறையிலிருந்து கேபிள் வழியாக அளந்தால் 60 மீட்டருக்குள். கேபிள் சுவரேறி, சீலிங்குக்கு மேல் வளைந்து, மறுபடி இறங்கும். அதனால் தரையில் டேப் பிடித்து அளந்த தூரத்தோடு டிவிக்கு 6 மீட்டராவது கூட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்ப்ளிட்டரை (ஒரே படத்தைப் பல டிவிக்குப் பிரித்து விடும் பெட்டி) இரண்டு வரியில் முடித்துவிடலாம். ஒரே படம் எல்லா டிவியிலும் போதும், டிவிகளும் பக்கத்தில் பக்கத்தில்தான் என்றால் அது போதுமானது, விலையும் குறைவு. ஆனால் சாதாரண செம்பு எச்டிஎம்ஐ கேபிள் 4கே 60-ஐ (வினாடிக்கு 60 காட்சி ஓடும் மிகத் தெளிவான படம்) நம்பகமாகக் கொண்டுபோவது 5 மீட்டர் வரைதான். 1080 (முழு எச்டி) என்றால் 10 மீட்டரைத் தாண்டும்போதே தடுமாறத் தொடங்கும். 15, 20 மீட்டர் கேபிள் கடையில் கிடைக்கிறது என்பதற்காக வாங்கி சுவருக்குள் புதைத்தால், திரையில் வெள்ளைப் புள்ளிகள் மினுக்கும், அல்லது இரண்டு வினாடிக்குப் படம் அணைந்து திரும்ப வரும். அப்போது சுவரை உடைப்பதைத் தவிர வழியில்லை.

இந்தக் கட்டடத்துக்கு நாங்கள் சொல்வது 4×8 எச்டிபேஸ்டி மேட்ரிக்ஸ். எச்டிபேஸ்டி என்பது எச்டிஎம்ஐ படத்தை நெட்வொர்க் ரகக் கேபிளில் தூரமாகக் கொண்டுபோகும் முறை. நான்கு மூலம் (படம் தரும் கருவி) உள்ளே, எட்டு வழி வெளியே, எந்தப் படத்தையும் எந்த டிவிக்கும் அனுப்பலாம். டிவிக்கு ஒரு கேட் 6 கேபிள். படம், ஒலி, ரிமோட் சிக்னல் எல்லாம் அதிலேயே போகும். கேபிளில் வருவதை மறுபடி எச்டிஎம்ஐ ஆக்க டிவிக்குப் பின்னால் இருக்கும் ரிசீவருக்கான மின்சாரமும் அதே கேபிளில் வரும் மாடலாகப் பார்த்து எடுத்தால் அங்கே ஒரு பிளக் பாயின்ட் மிச்சம். படம் தாமதமாவது கண்ணுக்குத் தெரியாது. மீட்டிங் அறையில் மவுசை நகர்த்திக்கொண்டே பேசுபவருக்கு இது பெரிய விஷயம்.

அட்டையில் போட்டிருக்கும் தூரத்தைக் கவனமாகப் படியுங்கள். "70 மீட்டர்" என்ற ரகம் பெரும்பாலும் 1080 படத்துக்குத்தான் 70. 4கே என்றால் 40 மீட்டரோடு நின்றுவிடும். 60 மீட்டர் ஓட்டம் இருக்கும் நம் கட்டடத்தில் 4கே வேண்டுமானால் 100 மீட்டர் ரகம்தான் வாங்க வேண்டும். அதோடு, எச்டிபேஸ்டி கேபிள் நெட்வொர்க் கேபிள் போலத் தெரிந்தாலும் அது நெட்வொர்க் அல்ல. மேட்ரிக்ஸிலிருந்து ரிசீவருக்கு நேராகப் போக வேண்டும். நடுவில் நெட்வொர்க் ஸ்விட்ச் வைத்தால் படம் வராது. கட்டடத்துக்கு நெட்வொர்க் வேலை செய்பவர் பழக்கதோஷத்தில் எல்லாக் கேபிளையும் ஸ்விட்சில் செருகிவிடுவார். அதனால் டிவி கேபிளுக்கு வேறு நிறம் வாங்கி, இரண்டு முனையிலும் எண் ஒட்டச் சொல்லுங்கள்.

கேபிளில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். 305 மீட்டர் பெட்டி ஒன்று மற்றதைவிட ரொம்ப மலிவாக இருந்தால், அது பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். முனையை ஒரு அங்குலம் உரித்து, ஒரு கம்பியைக் கத்தியால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தூக்கிப் பார்த்தாலே தெரியும், அலுமினியப் பெட்டி கனமிருக்காது. அலுமினியத்தில் மின்தடை அதிகம். கேபிள் வழியாக மின்சாரம் போகும்போது கடைசி டிவியின் ரிசீவருக்கு வோல்டேஜ் போதாமல் அது அணைந்து அணைந்து எரியும். வாங்க வேண்டியது 23 கேஜ் முழுச் செம்பு, ஒற்றைக் கம்பி ரகம், 4கே என்றால் ஷீல்டு (உலோக உறை) உள்ளது. கேபிள்களைக் கயிறு முறுக்கியதுபோல் இறுக்கிக் கட்டக் கூடாது; 230 வோல்ட் ஒயரோடு ஒரே பைப்பில் விடவும் கூடாது, ஓரடியாவது தள்ளி ஓட்டுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் படம் மங்கலாக வருகிறதா? பழைய டிவி ஒன்று உள்ளே இருக்கும். ஒவ்வொரு டிவியும் "என்னால் இவ்வளவுதான் காட்ட முடியும்" என்று ஈடிஐடி என்னும் விவரக்குறிப்பை மூலக் கருவிக்கு அனுப்புகிறது. ஒரே படத்தைப் பல டிவிக்கு விடும்போது, கூட்டத்தில் 720 டிவி ஒன்று இருந்தால் மற்ற எல்லாமும் அதன் அளவுக்கு இறங்கிவிடலாம். மேட்ரிக்ஸில் ஈடிஐடியை நாமே 1080 60, இரண்டு சேனல் ஒலி என்று பூட்டி வைக்கும் வசதி இருக்க வேண்டும். இது இல்லாத மாடலை வாங்க வேண்டாம். எச்டிசிபி என்ற, நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டும் இதே போல்தான்: 4கே ஸ்ட்ரீமிங் படங்களுக்கு 2.2 பதிப்பு வேண்டும், பாதையில் ஒரு கருவி பழைய 1.4 ஆக இருந்தால் படம் 1080-க்கு இறங்கும், அல்லது திரை கறுப்பாகவே நிற்கும்.

இப்போது பல கடைகள் முதலில் எடுத்துக் காட்டுவது நெட்வொர்க் வழி முறையைத்தான். படத்தை நெட்வொர்க் தரவாக்க மூலத்துக்கு ஒரு என்கோடர், அதைத் திரும்பப் படமாக்க டிவிக்கு ஒரு டிகோடர், நடுவில் ஆபீஸ் ஸ்விட்ச். எத்தனை டிவி வேண்டுமானாலும் பிறகு சேர்க்கலாம் என்பது உண்மையான பலம். 16 டிவிக்கு மேல், நாலைந்து கட்டடம் என்றால் நாங்களும் இதைத்தான் சொல்வோம். ஆனால் கணக்கைப் பாருங்கள். எச்.264 (படத்தைச் சுருக்கி அனுப்பும் முறை) ஓட்டம் ஒன்று 1080-க்கு 10 முதல் 15 எம்பிபிஎஸ். நம் நான்கு ஓட்டம் சேர்ந்தால் 60 வரை. ஸ்விட்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (படம் கேட்ட போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும் வசதி) இல்லையென்றால் இந்த 60-ம் எல்லாப் போர்ட்டுக்கும் கொட்டும்: அட்டெண்டன்ஸ் மெஷின், பில் பிரின்டர், எல்லாவற்றுக்கும். வைஃபை பெட்டிக்குப் போனால் அது மிகக் குறைந்த வேகத்தில் எல்லோருக்கும் ஒலிபரப்பப் பார்த்து, ஆபீஸ் வைஃபையே முடங்கிவிடும். "டிவி போட்டதிலிருந்து நெட் வரவில்லை" என்ற புகாரின் காரணம் அனேகமாக இதுதான். மேனேஜ்டு ஸ்விட்ச் (அமைப்பை நாமே மாற்றக்கூடியது) வாங்கி, வீடியோவுக்குத் தனி விலான் (ஸ்விட்சுக்குள்ளேயே ஒரு தனி நெட்வொர்க்) பிரித்து, ஸ்னூப்பிங்கோடு குவெரியரையும் (யாருக்குப் படம் இன்னும் வேண்டும் என்று அவ்வப்போது கேட்பது) இயக்க வேண்டும். ஸ்னூப்பிங்கை மட்டும் போட்டுக் குவெரியரை மறந்தால், படம் நன்றாக வந்து நான்கு நிமிடம் சொச்சத்தில் உறைந்துவிடும். வழக்கமான அமைப்பில் அந்தக் கெடு 260 வினாடி. அந்த நேரத்தில் நின்றால் டிகோடரைக் குறைசொல்லாமல் ஸ்விட்ச் அமைப்பைத் திறந்து பாருங்கள்.

இந்த முறையில் ஒலியும் ஒரு சங்கடம். ஒரே ஹாலில் இரண்டு டிகோடர் பத்தில் ஒரு வினாடி முன்னே பின்னே ஓடினாலும் எதிரொலி கேட்கும். ஹாலுக்கு ஒரு டிவியின் ஒலியை மட்டும் வைத்து மற்றதை மியூட் செய்வதே வழி.

ஏற்கெனவே ஆர்ஜி 6 (கேபிள் டிவிக்கான) கேபிள் இழுத்திருக்கும் ஹாஸ்டல், கேன்டீன் போன்ற இடங்களில் மாடுலேட்டர் (படத்தை டிவி சேனலாக மாற்றும் பெட்டி) போட்டு அதே கேபிளில் விடலாம். வாங்கும் முன், உங்கள் டிவியின் டியூனர் டிவிபி-சி (கேபிள் முறை) எடுக்குமா, டிவிபி-டி2 (ஆன்டெனா முறை) எடுக்குமா என்று டிவியின் கையேட்டில் பாருங்கள். எட்டு வழி ஸ்ப்ளிட்டர் மட்டுமே 11, 12 டிபி (டெசிபெல்) சிக்னலைத் தின்றுவிடும். காலியாக விட்ட முனைக்கு 75 ஓம் டெர்மினேட்டர் மாட்ட வேண்டும். அறிவிப்பு ஸ்லைடு மட்டும்தான் என்றால் டிவிக்கு ஒரு ஆண்ட்ராய்டு ஸ்டிக் போதும். ஸ்லைடை எழுத்தாக ஏற்றாமல் 1920×1080 படமாக ஏற்றுங்கள். மலையாளத்தின் சில்லெழுத்தும் தமிழின் கொம்பும் சில ஸ்டிக்குகளில் பிரிந்து சிதறிக் காட்டும்.

மீதி இருப்பது எட்டாவது டிவி. முற்றத்தைத் தாண்டிச் செம்புக் கேபிள் வேண்டவே வேண்டாம். சித்திரை வைகாசிக் கோடைமழையிலும் ஐப்பசியில் துலாவர்ஷத்திலும் பிற்பகல் இடி இங்கே கடுமையாக இருக்கும். பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டு கட்டடத்தின் எர்த் அழுத்தமும் ஒன்றாக இருக்காது. அந்த வித்தியாசம் முழுதும் உங்கள் கேபிள் வழியாகப் பாய்ந்து ஓட்டுநர் அறை ரிசீவரையும், கூடவே மேட்ரிக்ஸையும் எடுத்துப் போய்விடும். எட்டாவது வழிக்கு மேட்ரிக்ஸின் நேரடி எச்டிஎம்ஐ அவுட்டிலிருந்து ஃபைபர் எக்ஸ்டெண்டர் (படத்தைக் கண்ணாடி இழையில் ஒளியாக அனுப்பும் கருவி) போடுங்கள். சிங்கிள் மோடு ஃபைபர், அதுவும் உலோகக் கவசம் இல்லாத ரகம். இரும்புக் கவசம் உள்ளதை வாங்கினால் இடி அந்தக் கவசத்தின் வழியே வரும். கூரை மேல் டிஷ் இருந்தால் அதன் கம்பத்துக்கும் எர்த் கொடுக்க மறக்காதீர்கள்.

செட்டாப் பாக்ஸ் விஷயத்தில் எல்லைக்கே உரிய ஒன்று. பொள்ளாச்சியில் எடுத்த அரசு கேபிள் பாக்ஸைக் கொழிஞ்சாம்பாறையில் செருகினால் ஓடாது. அது தன் நிறுவனத்தின் கேபிளில் வரும் சிக்னலை மட்டுமே திறக்கும். தமிழும் மலையாளமும் வேண்டுமென்றால் உள்ளூர்க் கேபிள்காரரிடம் இரண்டு மொழிச் சேனலும் சேர்த்துக் கேளுங்கள், அல்லது டிடிஎச். வீட்டு இணைப்பைக் கொண்டுவந்து எட்டுத் திரைக்கு விடக் கூடாது. நிறுவனத்தின் பெயரில் இணைப்பு எடுத்து, எத்தனை திரை என்பதையும் சொல்லி எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஒரே மாடல் பாக்ஸ் இரண்டை மேலும் கீழும் வைத்தால் ஒரு ரிமோட்டுக்கு இரண்டும் சேனல் மாறும். ரிமோட் சிக்னல் கொடுக்கும் சின்னக் கண்ணை ஒவ்வொரு பாக்ஸின் முகத்திலும் ஒட்டி, அதன்மேல் கறுப்பு டேப் போட்டு மூடிவிட்டால் தீர்ந்தது.

கோவையில் வாங்கிப் பாலக்காட்டு ஆபீசுக்குக் கொண்டுவருவதானால் பில்லில் கேரள ஜிஎஸ்டி எண் இருக்கட்டும். சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (சரக்குப் போக்குவரத்துக்கான மின்னணுச் சீட்டு) வேண்டும், வாளையாறு தாண்டும் வண்டியில் அது இல்லாமல் ஏற்ற வேண்டாம். மேட்ரிக்ஸ் பழுதானால் எந்த ஊருக்கு அனுப்புவார்கள், அதுவரை மாற்றுக் கருவி தருவார்களா என்பதையும் விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்குங்கள். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் எட்டு டிவியையும் இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, நடுவில் ஒருமுறை மெயின் ஸ்விட்சை அணைத்துப் போடுங்கள். யாரும் ரிமோட்டைத் தொடாமலே எட்டிலும் அதனதன் படம் திரும்பி வர வேண்டும்.