ஸ்கர்ட் ரப்பர் என்று பழைய பெல்ட்டை மாட்டிவிட்டுப் போகிறார்கள், வெட்டிப் பார்த்து வாங்குங்கள்

கரூர் பக்கம் கிரஷர் நடத்துகிறேன். கிரஷரோ எம் சாண்ட் பிளாண்டோ வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஸ்கர்ட் ரப்பர் ஆர்டர் போடுங்கள். கன்வேயர் பெல்ட்டின் இரண்டு ஓரத்திலும் கல் சிந்தாமல் இருக்க மாட்டும் ரப்பர் பட்டைதான் இது.

எங்கள் மெயின் கன்வேயரில், சூட்டிலிருந்து (ஜல்லியை பெல்ட்டில் இறக்கிவிடும் சரிவுப் பாதை) ஜல்லி விழும் இடத்தில் இரண்டு பக்கமும் சிந்திக்கொண்டே இருந்தது. பெல்ட்டின் பின்முனையில் சுழலும் டெயில் புல்லிக்கு அடியில் சிப்ஸும் தூளும் குவிந்துவிடும். பெல்ட்டை நிறுத்திவிட்டுத்தான் அள்ள வேண்டும் என்று எவ்வளவு சொன்னாலும், வெளியே லாரி காத்திருந்தால் பையன்கள் ஓடும்போதே மண்வெட்டியை நீட்டிவிடுகிறார்கள். அந்தப் பயத்தில்தான் சீல் செய்ய ஆள் கூப்பிட்டேன்.

வந்தவர் அரை நாளில் வேலையை முடித்தார். பில்லில் 'ஸ்கர்ட் ரப்பர்' என்றே எழுதி முழு விலையும் வாங்கிக்கொண்டார். பெல்ட்டோடு இறுக்கி அழுத்தி கிளாம்ப் போட்டிருந்ததால் ஒரு கல்கூட வெளியே வரவில்லை. நானே நாலு பேருக்கு அவரைச் சிபாரிசு செய்தேன்.

மூன்று வாரம் கழித்து, பெல்ட் நின்றிருந்தபோது எதேச்சையாகக் கையை வைத்தேன். ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, இரண்டு பக்கமும், நகம் இறங்கும் அளவுக்குக் கோடு போட்ட மாதிரி பள்ளம். ஒரு சுற்று ஓடவிட்டுப் பார்த்தோம், முழு நீளத்துக்கும் அப்படித்தான். சில இடங்களில் கேன்வாஸே தெரிந்தது. ஸ்கர்ட்டைக் கழற்றி வெட்டு முனையைத் திருப்பினால் ரப்பருக்கு நடுவே துணி, மூன்று ப்ளை (அடுக்கு). யாரோ கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட்டைப் பட்டையாகக் கிழித்து மாட்டியிருக்கிறார். அந்த நூலுக்குள் கல்தூள் ஏறி, தொட்டால் உப்புத்தாள் போல இருந்தது.

ஸ்கர்ட் ரப்பரில் துணியே இருக்கக் கூடாது. பெல்ட்டின் மேல் ரப்பர் சாதாரணமாக 60 ஷோர் (ரப்பரின் கடினத்தைக் காட்டும் அளவு) பக்கம் இருக்கும்; ஸ்கர்ட் அதைவிட மெத்தென்று இருந்தால்தான் தேய்மானம் ஸ்கர்ட்டோடு போகும்.

போன் செய்தேன். "அண்ணா, எல்லா கிரஷர்லயும் இதத்தான் போடறோம்ங்க" என்றார். அதற்கப்புறம் எடுப்பதே இல்லை.

உண்மையான கோளாறை அவர் தொடவும் இல்லை. சூட்டுக்கு அடியில் ரோலர்கள் தள்ளித் தள்ளி இருந்ததால், கல் விழும்போது பெல்ட் தொய்ந்து, அந்தச் சந்து வழியாகத்தான் சிந்தியிருக்கிறது. வேறொரு ஃபிட்டர் வந்து, விழும் கல்லின் அடியைத் தாங்கும் இம்பாக்ட் ரோலர்களை நெருக்கிப் போட்டார். இரும்பு ஸ்கர்ட் பிளேட்டுக்கும் பெல்ட்டுக்கும் உள்ள இடைவெளியை, பெல்ட் ஓடும் திசையில் போகப்போக அகலுமாறு வைத்தார். இடையில் மாட்டுகிற கல் தானாகவே விடுபட்டுவிடுகிறது. புது ரப்பர் பெல்ட்டை லேசாகத் தொட்டபடி நிற்கிறது, சிந்தலும் நின்றுவிட்டது. ஆனால் பெல்ட்டை மாற்றியே ஆக வேண்டும்.

வாங்கும் முன் ஒரு துண்டு கேட்டு, கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நூல் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். 'துணி இல்லாத ரப்பர், இத்தனை ஷோர்' என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

நான் சிபாரிசு செய்த நாலு பேரில் மூன்று பேரைத் தடுத்துவிட்டேன். ஒருவர் போன வாரமே மாட்டிவிட்டார். இன்று சாயங்காலம் ஷிப்டு முடிந்ததும் அதைக் கழற்றப் போகிறோம்.