மூட்டு நோவுக்கு டெவில்ஸ் குளோவா, பொஸ்வெலியாவா?

யாழ்ப்பாணத்தில் வயதானவர்கள் இருக்கிற வீடுகளுக்கு ஜேர்மனியிலிருந்து பார்சல் வந்தால், அதில் டெவில்ஸ் குளோ குளிசைப் போத்தலும் இருக்கலாம். கலகாரிப் பாலைவனத்துச் செடி அது. காய் முழுக்கக் கொளுக்கி. மருந்து மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில். அதிலுள்ள ஹார்பகோசைட் என்ற பொருளுக்கு அழற்சியைத் தணிக்கும் தன்மை உண்டு. நாரி நோவுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 மில்லிகிராம் ஹார்பகோசைட் கொடுத்த ஆய்வுகளில் நோவு ஓரளவு குறைந்தது. ஆனால் வயிற்றுப்புண், பித்தப்பைக் கல் உள்ளவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

பொஸ்வெலியா வேறு வகை. ராஜஸ்தான், மத்தியப் பிரதேசத்து வறண்ட குன்றுகளில் வளரும் மரத்தின் பிசின். நம்மவர்கள் பறங்கிச் சாம்பிராணி என்பார்கள். அதன் பொஸ்வெலிக் அமிலங்கள், அழற்சியைத் தூண்டும் லியூகோட்ரியீன்கள் உருவாவதைத் தடுக்கின்றன. வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். முழங்கால் தேய்மானத்துக்கு 2014இல் வந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மீளாய்வு இதற்குச் சிறிய, ஆனால் உண்மையான பலனைக் காட்டியது. அதனால் முழங்காலுக்கு என் தெரிவு இதுதான். பூசைக்குப் புகைக்கிற சாம்பிராணியைக் கரைத்துக் குடித்துவிடாதீர்கள், அது மருந்துத் தரமல்ல!

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் குளிசை போடுபவர்கள் எதைத் தொடங்கினாலும் முதலில் டொக்டரிடம் கேளுங்கள். முடக்குவாதம் என்றால் கிளினிக் மருந்தை நிறுத்தவே கூடாது. அப்புறம், இரண்டையும் ஒன்றாகத் தொடங்க வேண்டாம். எது ஒத்துவரவில்லை என்று பிடிபடாது.