எழுத்துரையா, பக்கப் படமா: தமிழ் மின்னூலகங்கள் ஓர் ஒப்பீடு

மின்னூலகத்துக்கு ஒருமுறை வந்தவர் திரும்ப வருவாரா? இதை அளக்க, புதிய தொழில்நுட்பத்தை மக்கள் ஏன் ஏற்கிறார்கள் என்று ஆராய்ந்த ஃப்ரெட் டேவிஸ் 1989இல் வைத்த இரண்டு கேள்விகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன: வேலைக்கு உதவுகிறதா, கையாளச் சிரமமில்லையா. அதை விரித்து 2003இல் வந்த ஆய்வு மாதிரி, சுற்றியிருப்போர் தரும் அழுத்தத்தையும் கைவசமுள்ள வசதியையும் சேர்த்துக்கொண்டது.

கையாளும் எளிமையில் மதுரைத் திட்டம் முந்துகிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய தன்னார்வ முயற்சி இது. நூல்கள் தட்டச்சான எழுத்துரையாகக் கிடைப்பதால் சொல்லைத் தேடலாம், நகலெடுக்கலாம். 300 பக்க நூல் ஒருங்குறி (யூனிகோடு) எழுத்தில் ஓரிரண்டு எம்பிக்குள் அடங்கும். அதையே அங்குலத்துக்கு 300 புள்ளி (டிபிஐ) என்ற துல்லியத்தில் வண்ணத்தில் வருடினால் (ஸ்கேன் செய்தால்) 50 எம்பியை எளிதில் தாண்டிவிடும். டேட்டா தீர்ந்துபோகும் மாணவருக்கு எது முதலில் பிடிக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

ஆனால் தேடல் என்றதும் நம்பிவிடக் கூடாது. புறநானூறு 192ஐச் சந்தி பிரித்த பதிப்பில் ‘யாவரும் கேளிர்’ என்று தேடினால் கிடைக்கும். ‘யாவருங் கேளிர்’ என்று அச்சிட்ட பதிப்பில் கிடைக்காது. இன்னொரு வம்பு ‘ஔ’. பலர் ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒளவை’ என்று எழுதிவிடுகிறார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கணினிக்கு அது வேறு சொல். ‘நூல் இங்கே இல்லை’ என்று முடிவுகட்டி வாசகர் போய்விடுவார். ஒன்றும் வராதபோது சொல்லின் முதல் மூன்று, நான்கு எழுத்துகளை மட்டும் தந்து தேடுங்கள்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பெரும்பாலும் பக்கப் படங்கள். நூற்பெயர், ஆசிரியர் வழியாகத்தான் நெருங்க வேண்டும். சாமிநாதையர், சாமிநாதய்யர், சுவாமிநாதையர் என எல்லா வடிவத்தையும் போட்டுப் பாருங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, றா போன்றவை பழைய வடிவில் இருப்பதால், படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தட்டச்சு எழுத்தாக மாற்றும் எழுத்துணரி (ஓசிஆர்) மென்பொருள்கள், இக்கால எழுத்தில் பழகியவை என்றால் அங்கே இடறும். இவ்வளவு தொல்லை இருந்தும் ஆய்வு மாணவர் இங்குதான் வந்து சேர்கிறார். காரணம் எளிமை அல்ல, நெறியாளர். பக்க எண்ணும் பதிப்பாண்டும் இல்லாத மேற்கோளை அவர் ஏற்கமாட்டார். எழுத்துரைகள் பலவற்றில் அச்சுப் பக்க எண் இல்லை. ஆகவே மதுரைத் திட்டத்தில் வரியைக் கண்டுபிடித்து, படத்தில் பக்கத்தைச் சரிபார்ப்பதே வேகமான வழி.

படமாக இருந்தும் வாசகரைச் சோதிக்காதது ஈழத்து ஆவணங்களுக்கென 2005இல் தொடங்கிய நூலகம் தளம். நூலக எண், வெளியீட்டாண்டு, பக்கங்கள், பல நூல்களுக்குத் தட்டச்சிட்ட உள்ளடக்கம், தரவிறக்கும் முன்பே கோப்பின் அளவு: எல்லாம் ஒரே பக்கத்தில். உள்ளடக்கம் எழுத்தாக இருப்பதால் பொதுத் தேடுபொறி வழியாகவே கட்டுரைத் தலைப்பைப் பிடித்துவிடலாம்.

கைபேசியில் கதை படிப்பவருக்கு இம்மூன்றும் சுமாரே. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் தரும் இபப் (EPUB) என்னும் மின்னூல் கோப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடங்கும். ஏ4 அளவுப் படத்தில் ஒவ்வொரு வரிக்கும் திரையை இடம் வலமாக இழுக்க வேண்டும். பத்துப் பக்கம் தாண்டுவோர் குறைவு.