‘உங்க நாய் எங்ககிட்ட இருக்கு’ என்று போன் வந்தால் உடனே பணம் அனுப்பாதீர்கள்

நாய் பிடிக்கும் உள்ளாட்சி வண்டி தெருவுக்கு வந்துபோன மறுநாளே இந்தப் போன் வருகிறது. "லைசென்ஸ் இல்லாத நாய், ஃபைன் போட்டிருக்கு. சாயங்காலம் வேற ஊருக்கு ஏத்திடுவாங்க. நாலாயிரத்த இந்த நம்பருக்கு ஜிபே பண்ணிட்டு வாங்க, நாய விட்டுடறோம்." எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பதறிப்போய் அனுப்பிவிட்டார். அடுத்த நிமிடமே அந்த எண் அணைந்துவிட்டது. அவருடைய நாய் அப்போது, பிடித்த நாய்களுக்குக் கருத்தடை செய்யும் இனக்கட்டுப்பாட்டு மையத்தில் கூண்டில்தான் இருந்தது. பேசியவனுக்கும் மையத்துக்கும் சம்பந்தமே இல்லை. ‘நாயைக் காணோம்’ என்று அவர் வாட்ஸ்ஆப்பில் போட்ட படத்திலிருந்தே எண்ணை எடுத்திருக்கிறான்.

நாய் வளர்க்க உரிமம் எடுக்காதவர்களின் பயம்தான் இந்த மோசடிக்காரர்களுக்கு மூலதனம். சென்னையில் உரிமமில்லாத வளர்ப்பு நாய்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்று 2025 கடைசியில் அறிவிப்பு வந்ததால், தொகையைக் கேட்டதும் நம்பத் தோன்றுகிறது. ஆனால் அபராதமோ பராமரிப்புக் கட்டணமோ எதுவானாலும் உள்ளாட்சியின் பெயரில் ரசீது வர வேண்டும். தனிநபர் எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். பணம் கைமாறுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு.

‘சாயங்காலம் ஏத்திடுவாங்க’ என்பதே பொய். 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள்படி, பிடித்த நாய்க்கு எண் போட்ட கழுத்துப்பட்டை மாட்ட வேண்டும். பிடித்த இடமும் நேரமும் பதிவேட்டில் ஏற வேண்டும். கருத்தடை முடிந்து குறைந்தது 4 நாள் புண் ஆறும்வரை வைத்திருந்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். தெரு நாயைத் திரும்ப விட யாரும் எங்கும் பணம் கட்டத் தேவையில்லை. 6 மாதத்துக்குக் குறைந்த குட்டியைக் கருத்தடைக்கென்று பிடிக்கவே கூடாது.

அதனால் போன் செய்தவரிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: பட்டை எண் என்ன, எந்தத் தெருவில் எத்தனை மணிக்குப் பிடித்தீர்கள், வீடியோ காலில் நாயைக் காட்ட முடியுமா? இன்னொன்று, காணோம் என்று படம் போடும்போது நாயின் அடையாளம் எல்லாவற்றையும் எழுதிவிடாதீர்கள். பின்னங்கால் விரலில் வெள்ளை, நாக்கில் கறுப்புப் புள்ளி என்று ஒன்றை மறைத்து வையுங்கள். அதைச் சரியாகச் சொல்பவரிடம் மட்டும் மேற்கொண்டு பேசலாம்.

வளர்ப்பு நாய் என்றால் போனை நம்பி வீட்டில் உட்கார நேரமில்லை. பிடித்த மறுநாளே அறுவைக்கு எடுக்கக்கூடும். அன்றே மையத்துக்கு நேரில் போய், மருத்துவர் முத்திரையுள்ள தடுப்பூசி அட்டை, உரிமம் இருந்தால் அதன் நகல், நாயோடு நீங்கள் இருக்கும் பழைய படங்கள் ஆகியவற்றைக் காட்டி, ‘இது வளர்ப்பு நாய், அறுவை செய்ய வேண்டாம்’ என்று எழுதிக் கொடுங்கள். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்காமல் வராதீர்கள். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்தவர்களின் நாய்கள் தையல் போட்ட வயிற்றோடு திரும்பியிருக்கின்றன.

அந்த ஆசிரியைக்கு அடுத்த அடி மையத்து வாசலில் விழுந்தது. கூண்டைக் காட்ட ஒருவர் 500 ரூபாய் கேட்டார், ரசீது இல்லை. இங்கே சண்டை போட்டுப் பயனில்லை. கேட்டவரின் பெயர், நேரம், வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு உள்ளே பொறுப்பிலிருக்கும் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். பதிவேட்டைப் பார்க்கவே விடவில்லை என்றால் உள்ளாட்சி ஆணையருக்கும் லஞ்ச ஒழிப்புத் துறைக்கும் மனு கொடுங்கள்.

எங்களுக்கு மிகவும் வலிப்பது தெரு நாய்களுக்கு நடப்பது. ‘விட்டாச்சு’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, தூரம் என்பதால் புறவழிச்சாலையில் இறக்கிவிடுகிறார்கள். புது இடத்து நாய்கள் அதைக் குதறும். சோறு எங்கே கிடைக்கும் என்று தெரியாது. பழைய தெருவைத் தேடி ஓடி வண்டியில் அடிபடும். காலியான தெருவில் ஊசியே போடாத நாய்கள் வந்து சேரும், அதனால் மக்களுக்கும் நஷ்டம்தான். பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பதற்குச் சில விலக்குகள் உண்டு. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலைய வளாகங்களில் பிடித்ததை அங்கேயே விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7 அன்று உத்தரவிட்டது. வெறிநோய் உள்ளதாகச் சந்தேகிக்கப்படும் நாயையும் மூர்க்கமான நாயையும் விடக்கூடாது என்பது அதே ஆண்டு ஆகஸ்ட் 22 உத்தரவில் இருக்கிறது. சாதாரணத் தெருவில் பிடித்த நல்ல நாய்க்கு இவை பொருந்தாது.

வேறிடத்தில் இறக்கியதாகச் சந்தேகம் வந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவை மட்டும் நம்பாதீர்கள். அதற்குப் பதில் தர 30 நாள் அவகாசம். மையத்தின் கேமரா பதிவை வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்சக் காலமும் 30 நாள்தான். பதில் வரும்போது பதிவு அழிந்திருக்கும். முதல் வாரத்திலேயே, தேதியும் நேரமும் குறிப்பிட்டு ‘இந்தப் பதிவை அழிக்காமல் வைக்கவும்’ என்று ஆணையருக்குத் தனி மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தகவல் மனுவில் பட்டை எண், விட்ட இடம், வண்டி ஓட்டுநரின் பயணப் பதிவு, மையத்தை நடத்தும் அமைப்புக்கு விலங்குகள் நல வாரியம் தந்த திட்ட அங்கீகாரச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள்.

இந்தப் பயத்தை வைத்தே ‘ஜிபிஎஸ் சிப்’ என்று ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். தோளுக்கு நடுவே தோலுக்கடியில் போடும் அரிசியளவு மைக்ரோசிப்பில் பேட்டரி கிடையாது, அது இடத்தைக் காட்டாது. ஸ்கேனரை அருகில் பிடித்தால் 15 இலக்க எண் வரும், அவ்வளவுதான். அந்த எண் உங்கள் பெயரிலும் இப்போதைய போன் எண்ணிலும் பதிவாகியிருந்தால்தான் பயன். சிப் போட்டதும் மருத்துவரையே ஸ்கேன் செய்து காட்டச் சொல்லி, அட்டையில் ஒட்டிய எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டுப் பாருங்கள்.