ஏஆர்-15 ரைஃபிளுக்கான ஏஎல்ஜி ஏசிடி ட்ரிகர்: ஒரு மதிப்புரை

ஏஆர்-15 வகை ரைஃபிள்களில் தொழிற்சாலையிலிருந்தே பொருத்தி வரும் ட்ரிகரைப் (விசையைப்) பற்றி அமெரிக்கத் துப்பாக்கி சுடும் களங்களில் காதில் விழும் குறைகளுள், அதை இழுக்கத் தேவையான கனத்தைப் பற்றியதைவிட நறநறப்பைப் பற்றியதே அதிகம். விரலை அழுத்தத் தொடங்கியதும் விசை சிறிது நகர்ந்து நிற்கும்; மேலும் அழுத்தினால் இன்னும் சிறிது நகர்ந்து மறுபடியும் நிற்கும்; அடுத்த அழுத்தத்தில் மறுபடியும் நிற்குமா, வெடித்துவிடுமா என்பதைச் சுடுபவரால் கணிக்க முடியாது. இந்த ஒரு குறையைத் தீர்ப்பதற்காகவே விற்கப்படும் உதிரிபாகத் தொகுப்புகளுள் ஏஎல்ஜி டிஃபென்ஸ் நிறுவனத்தின் ஏசிடி, அதாவது அட்வான்ஸ்டு காம்பாட் ட்ரிகர், எனக்கு நெருங்கிப் பழக்கமானது. எங்கள் சுடும் கழகத்தின் மாதாந்தரப் பயிற்சிகளில் நான் பயன்படுத்தும் ரைஃபிள்களில் ஒன்றில் அதுதான் இருக்கிறது.

பென்சில்வேனியாவைச் சேர்ந்த இந்நிறுவனத்தின் பெயர் ஏமி லின் கைஸ்லி என்பவரின் பெயரின் முதலெழுத்துகளால் அமைந்தது. அவருடைய கணவர் பில் கைஸ்லி நடத்தும் கைஸ்லி ஆட்டோமேட்டிக்ஸ், இலக்குப் போட்டிக்காரர்களிடையே இழுப்பு இரண்டு படிகளில் வரும் விலை உயர்ந்த இரட்டைக் கட்ட ட்ரிகர்களுக்குப் பெயர்பெற்றது. ஏஎல்ஜியோ ராணுவ வடிவமைப்பிலான சாதாரண ஒற்றைக் கட்ட ட்ரிகரையே எடுத்துக்கொண்டு, அதன் வடிவத்தை மாற்றாமல், பரப்புகளை மட்டும் மெருகிட்டு முலாம் பூசி விற்கிறது. கைஸ்லியின் ட்ரிகர்களைவிட இதன் விலை மிகக் குறைவு. அதே வடிவமைப்பில் முலாம் இல்லாத கியூஎம்எஸ் என்ற தொகுப்பையும் இந்நிறுவனம் இன்னும் குறைந்த விலைக்கு விற்கிறது.

மெருகும் முலாமும் எந்த இடத்தில் வேலை செய்கின்றன என்பதை அறிய இயக்கத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஏஆர்-15 ட்ரிகரின் முன்முனையில் மூக்கு போன்ற ஒரு விளிம்பு உண்டு. அதைச் சியர் என்பார்கள். சுத்தியலின் அடிப்பகுதியில் வெட்டப்பட்டிருக்கும் ஒரு பள்ளத்தில் அந்த விளிம்பு மாட்டிக்கொண்டு, சுத்தியல் சுருளின் முழு அழுத்தத்தையும் தாங்கி நிற்கிறது. விரல் ட்ரிகரைப் பின்னுக்கு இழுக்கும்போது சியர் கீழே சறுக்கிப் பள்ளத்தைவிட்டு விலகுகிறது. விலகிய கணத்தில் சுத்தியல் எழுந்து, தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசியை அடிக்கிறது. விரலுக்குத் தெரியும் நகர்வு முழுவதும் சுருளின் அழுத்தத்தின் கீழ் இரண்டு சிறிய எஃகுப் பரப்புகள் ஒன்றின் மேல் ஒன்று தேய்ந்து செல்வதுதான். அப்பரப்புகள் எப்படி இருக்கின்றனவோ அப்படியே அதை விரல் உணர்கிறது.

ராணுவ வழக்கப்படி இந்தப் பாகங்களுக்கு மாங்கனீசு பாஸ்பேட் மேற்பூச்சு இடுவார்கள். எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொள்ளவும் துருவைத் தடுக்கவும் அது மிகப் பொருத்தமானது; போர்க்களத்துக்கான ஆயுதத்தில் அதைக் குறைசொல்ல எதுவும் இல்லை. ஆனால் அது எஃகின் மேல் நுண்ணிய படிகங்களாக வளரும் பூச்சு. புதிதாகக் கொத்திய அம்மியின் முகத்தைப் போல ஆயிரம் சிறு மேடுகள் கொண்டது. அதன் அடியிலோ கடைசல் கருவி விட்டுச்சென்ற கோடுகள் இருக்கும். எம்16ஏ2 ரைஃபிளுக்கு அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொள்ளும் விசைக் கனம் 5.5 பவுண்டு முதல் 9.5 பவுண்டு வரை என்பதை நினைத்தால், இந்த வடிவமைப்பில் மென்மை ஒரு முதன்மை நோக்கமாக இருந்ததில்லை என்பது விளங்கும்.

ஏசிடியில் சுத்தியலுக்கும் டிஸ்கனெக்டருக்கும் (சுட்டபின் விசையை விடும்வரை சுத்தியலைப் பிடித்துவைக்கும் கொக்கி) நிக்கல்-போரான் முலாமும், ட்ரிகருக்கு நிக்கல்-டெஃப்லான் முலாமும் பூசப்படுகின்றன. மின்சாரம் செலுத்தாமல் வேதிவினையால் படியவைக்கும் முறை இத்தகைய முலாம்களுக்கு வழக்கமானது. மின்முலாமில் ஓரங்களில் கூடுதலாகவும் உட்பள்ளங்களில் குறைவாகவும் உலோகம் படிவதுண்டு, இம்முறையில் எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் படியும். சியரின் விளிம்பு நூலிழை பிசகினாலும் விசையின் இயல்பே மாறிவிடும் என்பதால் இந்தச் சமச்சீர் இங்கே மிக முக்கியம். நிக்கல்-போரான் கடினத்தன்மையில் கடினப்படுத்திய எஃகுக்குக் குறைந்ததல்ல. நிக்கல்-டெஃப்லானில் உலோகத்துக்குள்ளேயே டெஃப்லான் துகள்கள் கலந்திருப்பதால், எண்ணெய் காய்ந்துபோன நிலையிலும் பரப்பு வழுக்கிச் செல்கிறது. ஒரே இயல்புடைய இரண்டு உலோகப் பரப்புகள் அழுத்தத்தின் கீழ் உராயும்போது ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் போக்கு அதிகம். ஒரு பக்கம் கடினமானதும் மறுபக்கம் வழுவழுப்பானதுமான முலாமை எதிரெதிரே வைத்திருப்பது நல்ல தேர்வு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முலாம் கரடுமுரடை மறைக்காது. சில மைக்ரான் தடிமனில் படியும் உலோகம் அடியில் உள்ள மேடுபள்ளங்களை அப்படியே பின்பற்றும். ஆகவே முதலில் மெருகிட்டு அதன் பிறகே பூச வேண்டும். சந்தையில் வெள்ளிப் பளபளப்போடு கிடைக்கும் எல்லாத் தொகுப்புகளும் இந்த வரிசையை மதிப்பதில்லை. இதைவிட மலிவான வேறொரு தொகுப்பை முன்பு வாங்கியிருந்தேன். பார்வைக்கு அது ஏசிடியைவிடவும் மின்னியது. ஆனால் சியரின் குறுக்கே நகத்தை ஓட்டினால் கடைசல் கோடுகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன. பழைய நறநறப்பே அந்த மினுமினுப்புக்கு உள்ளிருந்து விரலுக்கு வந்தது. அதைவிடக் கவலை தந்தது, கையால் மெருகிட்டதில் சுத்தியல் பள்ளத்தின் ஓரம் மழுங்கியிருந்ததுதான். கூராக நிற்க வேண்டிய விளிம்பு மழுங்கினால் விசை எந்த இடத்தில் விடுபடும் என்பதே ஒவ்வொரு முறையும் மாறத் தொடங்கும். அத்தொகுப்பைக் கழற்றி வைத்துவிட்டேன்.

வீட்டிலேயே எண்ணெய்க் கல்லை வைத்து ராணுவ ட்ரிகரை மெருகிட்டால் தொகுப்பின் விலை மிச்சம்தானே என்று கழகத்தில் புதியவர்கள் கேட்பதுண்டு. கூடாது என்பதே என் பதில். இப்பாகங்களின் மேல்தோல் மட்டுமே கடினப்படுத்தப்பட்டிருக்கும். அந்தத் தோல் மிக மெல்லியது. அதைத் தேய்த்துக் கடந்துவிட்டால் அடியில் இருப்பது மென்மையான எஃகு. முதல் சில நாள்கள் அருமையாக வேலை செய்யும் அந்த ட்ரிகர், போகப்போக விளிம்பு தேய்ந்து, சுத்தியலைப் பிடித்து நிறுத்த இயலாத நிலைக்கு வரும். ஒருமுறை இழுத்தால் இரண்டு தோட்டாக்கள் வெடிப்பது, துப்பாக்கியைத் தட்டினால் வெடிப்பது ஆகியவை அதன் விளைவுகள். பக்கத்தில் நிற்பவரின் உயிரோடு தொடர்புடைய பரப்பு அது. கோணமும் கடினத்தன்மையும் தெரிந்த தொழிற்சாலை அதைச் செய்யட்டும்.

இனி, விரலுக்குத் தெரிவது. கனமானியில் இழுத்துப் பார்க்கும்போது என்னிடமுள்ள ஏசிடி 6 பவுண்டுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டுகிறது. நான் கழற்றிய தொழிற்சாலை ட்ரிகர் 7 பவுண்டுக்கு மேல் காட்டியது. எண்ணளவில் இது பெரிய வேறுபாடு அல்ல. கனம் குறைந்ததற்கும் உராய்வு குறைந்ததே காரணம். சுருள்கள் முழு வலுவுடைய வழக்கமான சுருள்களே. இதை நான் குறையாகக் கருதவில்லை. சுத்தியல் சுருளை மெலிதாக்கிக் கனத்தைக் குறைக்கும் தொகுப்புகளில், கடினமான ராணுவப் பிரைமர் (ஊசி அடிக்கும்போது தீப்பற்றும் மூடி) கொண்ட தோட்டாக்களை ஊசி போதிய வேகத்தில் அடிக்காமல், வெடிக்காமற்போவது உண்டு. ஏசிடி அந்த விலையைக் கொடுத்து மென்மையை வாங்கவில்லை.

வேறுபாடு முழுவதும் நகர்வின் தன்மையில்தான். விசை நகர்வது இன்னும் தெரிகிறது; வடிவம் மாறாததால் சியர் பள்ளத்தில் மாட்டியிருக்கும் ஆழமும் மாறவில்லை, அதனால் நகரும் தொலைவும் மாறவில்லை. ஆனால் அந்த நகர்வு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஓட்டமாக, நடுவில் எங்கும் தங்காமல் செல்கிறது. நின்றுகொண்டு 200 கெஜத் தொலைவுக்குச் சுடும்போது இதன் மதிப்பு தெரியும். ராணுவ ரைஃபிள் மாதிரிகளைக் கொண்டு சுடும் சர்வீஸ் ரைஃபிள் போட்டிகளில் அந்தத் தொலைவுக்கான இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் 7 அங்குல விட்டமே உடையது. நின்ற நிலையில் ரைஃபிளை எவராலும் அசைவில்லாமல் பிடிக்க இயலாது. குறி வட்டத்துக்குள் மெதுவாக வந்து மெதுவாகப் போகும். குறி உள்ளே வரும் வேளையில் அழுத்தத்தைக் கூட்டி, விலகும் வேளையில் அப்படியே நிறுத்திவைத்து, மறுபடி வரும்போது கூட்ட வேண்டும். நறநறக்கும் ட்ரிகர் இந்த இடத்தில்தான் ஏமாற்றுகிறது: அது தானாகவே நின்ற இடத்தைச் சுடுபவர் கடைசித் தடை என்று நம்பிவிடுகிறார், அதைத் தாண்ட வேண்டுமென்று ஒரு கணம் கூடுதலாக அழுத்துகிறார், அந்தக் கூடுதல் அழுத்தம் குறியை வலப்புறமோ கீழ்ப்புறமோ தள்ளிவிடுகிறது. ஏசிடியில் அந்தப் பொய்த் தடைகள் இல்லை. கனம் 6 பவுண்டானாலும், அது எப்போதும் அதே 6 பவுண்டாக, அதே வழியில் வருவதால் விரல் அதைக் கற்றுக்கொள்கிறது.

சுட்ட பிறகு விசையை முன்னுக்கு விடும்போது டிஸ்கனெக்டரிலிருந்து சுத்தியல் சியருக்குக் கைமாறும் இடமும் தெளிவாக விரலுக்குத் தட்டுப்படுகிறது. உட்கார்ந்து விரைவாகச் சுடும் சுற்றில் இது பயன்படும். இவ்விஷயத்தில் தொழிற்சாலை ட்ரிகரும் அவ்வளவு மோசமில்லை என்பதால் இதைப் பெரிய ஆதாயமாக எண்ணி வாங்கத் தேவையில்லை.

பொருத்துவது எளிது. சுத்தியலையும் ட்ரிகரையும் தாங்கும் ஊசிகள் ராணுவ அளவான 0.154 அங்குலமாக உள்ள சட்டம் (துப்பாக்கியின் கீழ்க்கூடு) எதிலும் இது பொருந்தும். தொகுப்பிலேயே ஊசிகளும் சுருள்களும் வருகின்றன. தோட்டாப் பெட்டியைக் கழற்றி, வெடியறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டே தொடங்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன். மேற்பாகத்தைக் கழற்றிய நிலையில் விசையை இழுத்துச் சுத்தியலைச் சட்டத்தின் மேல் மோதவிடக் கூடாது. கையால் தடுத்துப் பிடிக்க வேண்டும், இல்லையெனில் அலுமினியச் சட்டம் அடிபடும். பொருத்தி முடித்தபின், பாதுகாப்புத் தாழ் போட்ட நிலையில் விசை அசைந்தாலும் சுத்தியல் விழாமல் இருக்கிறதா, தாழ் எடுத்தபின் விழுகிறதா, விசையை இழுத்துப் பிடித்தவாறே மறுபடி ஏற்றினால் டிஸ்கனெக்டர் சுத்தியலைப் பிடிக்கிறதா, விசையை மெதுவாக விடும்போது சுத்தியல் விழாமல் சியருக்கு மாறுகிறதா என்று நான்கையும் சோதிக்காமல் ஒரு தோட்டாவைக்கூட ஏற்றக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் துப்பாக்கி தொழில் தெரிந்தவரிடம் போக வேண்டும். உதிரிபாகமாக ட்ரிகர் அமெரிக்காவில் பெரும்பாலும் தடையின்றிக் கிடைத்தாலும், ரைஃபிளைப் பற்றிய சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால் உங்கள் மாநிலச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பில் முலாமின் பயன் கூடுதலாகவே தெரிகிறது. பாஸ்பேட் பரப்பில் தூரிகையால் தேய்த்து எடுக்க வேண்டிய கரி, இதில் துணியால் துடைத்தாலே வந்துவிடுகிறது. முலாம் இருப்பதால் எண்ணெயே வேண்டாம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை; சியரில் ஒரு துளி மசகு தடவிய பிறகு நகர்வு இன்னும் சீராகிறது, முலாமும் நெடுநாள் உழைக்கும். குழலில் படிந்த செம்பை நீக்கப் பயன்படும் அமோனியா கலந்த கரைப்பான்கள் நிக்கல் முலாமைக் கெடுக்கக்கூடியவை. குழலைச் சுத்தம் செய்யும்போது அவை ட்ரிகர் பக்கம் வழியாமல், துப்பாக்கியின் மேற்பாகத்தைத் தனியாகக் கழற்றிவைத்துச் செய்வது நல்லது. என் ஏசிடியில் சியர் பள்ளத்தோடு உராயும் இடத்தில் ஒரு பளபளப்பான கோடு விழுந்திருக்கிறது. முலாம் உரிந்து எஃகு தெரியவில்லை.

ஏசிடி யாருக்குப் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒஹாயோவில் ஈரி ஏரிக்கரையில் உள்ள கேம்ப் பெர்ரியில் 1907 முதல் தேசியப் போட்டிகள் நடந்துவருகின்றன. அங்கே சர்வீஸ் ரைஃபிள் பிரிவில் விசைக் கனம் 4.5 பவுண்டுக்குக் குறையக் கூடாது என்பது விதி. அந்த எடையை விசையில் தொங்கவிட்டு ரைஃபிளை உயர்த்தும்போது சுத்தியல் விழாமல் நிற்க வேண்டும். ஏசிடி அந்தச் சோதனையில் தாராளமாகத் தேறும். ஆனால் விதி அனுமதிக்கும் எல்லைக்கும் ஏசிடிக்கும் நடுவே ஒரு பவுண்டுக்கு மேல் இடைவெளி இருக்கிறது, அதைச் சரிசெய்துகொள்ள இதில் திருகு எதுவும் கிடையாது. போட்டியாளர்கள் இரட்டைக் கட்ட ட்ரிகரை நாடுவது இதனால்தான். கைஸ்லியின் எஸ்எஸ்ஏ என்ற இரட்டைக் கட்ட ட்ரிகரில் முதல் கட்டத்தில் 2.5 பவுண்டை ஏற்றிவைத்து, மீதி 2 பவுண்டை மட்டும் கடைசிக் கணத்துக்கு விட்டுவைக்கலாம். விலை 200 டாலரைத் தாண்டும். 600 கெஜத்தில் புள்ளிகளுக்காகப் போராடும் என் போட்டி ரைஃபிளில் இரட்டைக் கட்ட ட்ரிகரே இருக்கிறது. ஏசிடி இருப்பது பயிற்சி ரைஃபிளில். கழகத்துக்கு வரும் புதியவர்களின் கையில் நான் முதலில் கொடுப்பதும் அந்த ரைஃபிளைத்தான். 6 பவுண்டு என்பது பழகாத விரலுக்குப் பாதுகாப்பான கனம், நறநறப்பு இல்லாததால் அழுத்தத்தைச் சீராகக் கூட்டும் பழக்கமும் அவர்களுக்கு முதல் நாளிலேயே பிடிபடுகிறது.