பழைய நகைச்சுவைப் படங்கள்: விசிடியா, டிவிடியா, இணையப் பிரதியா?

1964-ல் ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் கதை சொல்ல, பாலையா மிரளும் காட்சி எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. வசனத்தைவிட பாலையாவின் முகம்தான் அங்கே சிரிக்க வைக்கிறது. அந்த முகம் சரியாகத் தெரிய வேண்டாமா?

அந்தக் காலப் படங்கள் பெரும்பாலும் 4:3-க்கு (அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) நெருக்கமான அளவில் எடுக்கப்பட்டவை. 16:9 டிவி அதை இழுத்து நிரப்பினால் முகங்கள் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகன்றுவிடும். ரிமோட்டில் பிக்சர் சைஸை 4:3-க்கு மாற்றுங்கள். இரு பக்கமும் கருப்புப் பட்டை வருவதுதான் சரி. இணையத்தில் சில பிரதிகளை மேலும் கீழும் வெட்டி அகலமாக்கியிருக்கிறார்கள். நெற்றியோடு தலை போய்விடும், எந்த செட்டிங்கும் அதை மீட்காது. இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

விசிடி பெரிய திரைக்குத் தாங்காது. பிஏஎல் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறையில் அதற்கு 352×288 புள்ளிகள்தான், டிவிடிக்கு 720×576. ஆனால் பிஏஎல் டிவிடியிலும் ஒரு குறை உண்டு. நொடிக்கு 24 சட்டங்களாக (ஃபிரேம்களாக) எடுத்த படம் 25 ஆக ஓடுவதால் 150 நிமிடப் படம் 144-ல் முடிந்துவிடும், குரலும் சற்றே சுருதி கூடி ஒலிக்கும். பாட்டை நன்கு அறிந்த காதுக்கு உடனே தெரியும்.

டிவியில் மோஷன் ஸ்மூத்திங்கை (இடையில் புதிய சட்டங்களைச் சேர்த்து அசைவை மென்மையாக்கும் வசதி) அணைத்துவிடுங்கள். அது இருந்தால் சினிமா, டிவி நாடகம் போலாகிவிடும். வெட்டுப்படாத டிவிடி கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம்.