நாலு பையும் ஒரு ஸ்லீப்பிங் பேக்கும்

எங்கள் ஊர் போடி. இலவம்பஞ்சுக்கும் ஏலக்காய்க்கும் பேர்போன ஊர். பெரியப்பா பஞ்சு மெத்தைக் கடை வைத்திருக்கிறார். போன புரட்டாசியில், பல மாதமாகப் பரணில் கிடந்த என் ஸ்லீப்பிங் பேக்கை, அதாவது மலையில் உள்ளே நுழைந்து தூங்கும் பஞ்சுப் பையை, அவர் கடைத் திண்ணையில் உட்கார்ந்து பிரித்தேன். நாலு பக்கமும் வார் போட்டு இறுக்கிய பைக்குள் உரித்த தேங்காய் மாதிரி கெட்டியாக இருந்தது. வெளியே எடுத்து உதறினால் உப்பவே இல்லை. கோரைப்பாய் மாதிரிப் படுத்துக்கொண்டது. பெரியப்பா ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார். "உள்ள பஞ்சு செத்துப்போச்சேடா, யாரு இப்படி மிதிச்சு வச்சது?" என்றார். நான்தான்.

துணியை அமுக்கிச் சுருக்கும் கம்ப்ரஷன் சாக் வாங்கலாமா, எந்த வகை நல்லது என்று மலையேறும் நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வரும். பை எது என்பதற்கு முன்னால், அதற்குள் என்ன போகப்போகிறது என்று பார்க்க வேண்டும்.

குளிரைத் தடுப்பது பஞ்சுக்குள் சிக்கிக்கொண்ட காற்றுதான். இலவம்பஞ்சு இழைக்குள்ளே காற்று நிறைந்த பொந்து இருப்பதால்தான் அது அவ்வளவு லேசு. மெத்தை அமுங்கிப்போனால் மாடியில் வெயிலில் போட்டு, குச்சியால் தட்டி, மறுபடி உப்ப வைக்கிறோம் இல்லையா, அதே கணக்குதான் ஸ்லீப்பிங் பேக்குக்கும். வாத்து இறகு அடைத்தது என்றால் நன்றாக அமுங்கும், வெளியே எடுத்து உதறினால் மீண்டும் எழும்பும். ஆனால் நனைந்துவிட்டால் ஈரக் கோழி மாதிரி ஒட்டிப்போகும், கதகதப்பே இருக்காது. நம்மில் பலர் வாங்குவது செயற்கை இழை அடைத்த மலிவு ரகம். அது ஈரத்தைக் கொஞ்சம் தாங்கும். ஆனால் திரும்பத் திரும்ப இறுக்கினால் இழை மடிந்து முறிந்து அப்படியே நின்றுவிடும், எத்தனை வெயிலில் போட்டாலும் எழாது. என்னுடையது இந்த ரகம். ஜனவரியில் மீசப்புலிமலை அடிவார முகாமில் இடுப்புக்குக் கீழே குளிர் ஏறி ஏறி வந்ததற்குக் காரணம் திண்ணையில்தான் புரிந்தது. அது 2,640 மீட்டர் மலை. முகாம் அதற்குக் கீழே இருந்தாலும் மூணாறு பக்கத்து ஜனவரிக் குளிர் சாதாரணமில்லை.

சரி, பைகளுக்கு வருவோம்.

வார் வைத்த கம்ப்ரஷன் சாக்தான் எல்லோரும் முதலில் வாங்குவது. உருளையான பை, மேலே ஒரு மூடி, பக்கவாட்டில் நான்கு வார். பக்கிளைப் பிடித்து இழுக்க இழுக்கப் பாதியாகிவிடும். பார்க்க ஆசையாக இருக்கும், அதுதான் பிரச்சினையும். நன்றாக இறுக்கிய சாக் கல் மாதிரி ஒரு பந்தாகிறது. முதுகுப்பைக்குள் போட்டால் சுற்றிலும் பொந்து விழும். உள்ளே மிச்சமான இடத்தை வெளியே வீணாக்குகிறோம். அதற்குப் பதிலாகப் பாதி இறுக்கத்தில் விட்டுப் பைக்கு அடியில் அமுக்கினால் அது மூலை முடுக்கெல்லாம் பரவி உட்காரும். இடம் உண்மையில் மிச்சமாவது அப்போதுதான். எடையும் கவனிக்க வேண்டும். வாரும் பக்கிளும் மூடியும் சேர்ந்து, சும்மா கயிறு வைத்த மெல்லிய நைலான் பையைப் போல இரண்டு மூன்று மடங்கு எடை வந்துவிடும். என்னிடம் இருந்த ஒன்றில் தையல் பிரிந்தது குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் ஏறும் வழியில். வாரைப் பல்லைக் கடித்து இழுத்தேன், டப்பென்று கையோடு வந்தது. பையைக் குறை சொல்லி என்ன, இழுத்தது நான்.

இன்னொன்று, பலர் அதை நீர் புகாத பை என்று நினைக்கிறார்கள். துணி பூச்சுத் துணியாக இருக்கலாம். ஆனால் தையல் ஓட்டை வழியே தண்ணீர் கசியும். கூர்ந்து பார்த்தால் ஊசி போன வழி தெரியும்.

அதனால் ஜூன் முதல் நவம்பர் வரை கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு என் கை நீளுவது வாய் சுருட்டும், நீர் புகாத டிரை பேக்கை நோக்கித்தான். போடிமெட்டு சோதனைச்சாவடி தாண்டிப் பூப்பாறையில் டீ குடிப்பதற்குள் மழை பிடித்துக்கொள்ளும் நாட்கள் உண்டு. முதுகுப்பைக்கு மேலே போடும் ரெயின் கவர் பாதி வேலைதான் செய்யும். தண்ணீர் கழுத்து வழியாக இறங்கி, முதுகுக்கும் பைக்கும் நடுவே ஓடி, அங்கே மூடாத பக்கமாக உள்ளே போய்விடும். டிரை பேக்கில் துணியைத் திணித்து, முழங்காலை வைத்து அழுத்திக் காற்றை வெளியேற்றி, வாயைக் குறைந்தது மூன்று சுற்று சுருட்டி, பக்கிளை மாட்ட வேண்டும். அவசரத்தில் ஒரே சுற்று சுற்றினால் அது டிரை பேக் கிடையாது, வெறும் பை. வார் சாக் அளவுக்கு இது அமுக்காது. அமுக்காமல் இருப்பதே ஸ்லீப்பிங் பேக்குக்கு நல்லது. காற்றை மட்டும் வெளியே விட்டு நீரை உள்ளே விடாத அடித்துணியோ வால்வோ வைத்த ரகங்களும் வருகின்றன. அழுத்தும் வேலை எளிதாகும், விலை கூடும். வாரக்கடைசி நடைக்கு அது தேவைப்படாது என்பது என் கட்சி.

காசே செலவழிக்காத வழி ஒன்று எங்கள் ஊர் ஏலக்காய்க் கிடங்கில் இருக்கிறது. காய்ந்த ஏலக்காயில் ஈரம் ஏறினால் பச்சை நிறம் போய்விடும், விலையும் போய்விடும். அதனால் சாக்குக்குள் கறுப்பு பாலிதீன் உறை போட்டுத்தான் கட்டுவார்கள். அதே தடிமனான உறையை முதுகுப்பைக்குள் போட்டு, துணியும் ஸ்லீப்பிங் பேக்கும் தளர்வாக உள்ளே திணித்து, வாயை முறுக்கிச் செருகிவிட்டால் போதும். சின்னச் சின்னப் பையாகப் பிரிக்க வேண்டியதில்லை, மூலையெல்லாம் நிரம்பும். நான் இப்போது பெரும்பாலும் செய்வது இதைத்தான். அகத்தியர்கூட மலைக்கு மட்டும் கொண்டு போகாதீர்கள். அங்கே பிளாஸ்டிக்குக்குத் தடை.

வாக்யூம் பை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பம்ப் வேண்டாத, கையால் சுருட்டினால் காற்று ஒருவழி வால்வு வழியே போகும் பயண ரகத்தைத்தான் சொல்கிறேன். இருப்பதிலேயே இதுதான் அதிகம் சுருங்குகிறது. ஆனால் ஊசிமுனை ஓட்டை போதும், ராத்திரியோடு ராத்திரியாக மீண்டும் ஊதிவிடும். உள்ளே கொஞ்சம் காற்று மிச்சமிருந்தால் மலை ஏற ஏற அதுவும் விரியும். போடியிலிருந்து மெட்டு ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் மீட்டர் ஏற்றத்தில் காற்றழுத்தம் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைகிறது, அதன் வேலை அது. மலையில் இன்னொரு சங்கடம், ஈரத் துணியைத் தெரியாமல் அடைத்துவிட்டால் மறுநாள் திறக்கிறவர் மூக்கைப் பிடித்துக்கொள்வார். வடக்கே குளிர்காலத்தில் வேலைக்குப் போகிற பையனின் ஸ்வெட்டரையும் கம்பளியையும் ஒருமுறை அடைத்து அனுப்ப, சரி. தினமும் திறந்து மூடுகிற பயணத்துக்கு வேண்டாம்.

விமானத்தில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சித்தி மகள் கொச்சியிலிருந்து டெல்லிக்குப் போகும்போது துணியையெல்லாம் அமுக்கிச் சின்னக் கைப்பையில் அடைத்துவிட்டாள். கவுண்டரில் தராசு 9 கிலோ காட்டியது. உள்ளூர் விமானத்தில் கையோடு 7 கிலோதானே. "பை இவ்வளவு சின்னதா இருக்கேண்ணா!" என்று எனக்குப் போன் போட்டுப் புலம்பினாள். சின்னதாக்கியதால்தான் கூடுதலாக இரண்டு சுடிதார் நுழைந்திருக்கிறது.

அவளுக்கு நான் சொன்னது இரட்டை ஜிப் வைத்த பேக்கிங் க்யூப், பெட்டிக்குள் துணியைப் பிரித்து வைக்கும் சின்னப் பை. ஒரு ஜிப் மூடுவதற்கு, இன்னொன்று சுற்றி ஓடி அமுக்குவதற்கு. கால்வாசி சுருங்கினாலே பெரிது. அதனுடைய அருமை வேறு இடத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து போடி வரும் ரயிலில், விளக்கணைத்த பிறகு, சீட்டுக்கு அடியில் கையை விட்டு நீல க்யூபை உருவினால் லுங்கி, சிவப்பை உருவினால் சட்டை. மொத்தப் பெட்டியையும் கிளற வேண்டாம். ஒட்ட ஒட்டத் திணித்துவிட்டு இரண்டாவது ஜிப்பை இழுத்தால் பல் கழன்றுவிடும். ஒரு கையால் துணியை உள்ளே தள்ளிக்கொண்டே மெதுவாக இழுக்க வேண்டும். மலைக்கு இது வீண். கனம், மழைக்கும் ஆகாது.

அப்புறம் அந்த வார் சாக். தூக்கிப் போடவில்லை, புதுத் தையல் போட்டு வைத்திருக்கிறேன். கம்பளி ஜாக்கெட், துண்டு, மாற்றுத் துணி எல்லாம் அதில் போகின்றன. இறுக்கினால் எதுவும் கெடாதவை. புது ஸ்லீப்பிங் பேக் வாங்கினேன். மலையில் இருக்கும் இரண்டு மூன்று நாள் மட்டும் அது சுருங்கும். மற்ற நாளெல்லாம் பெரியப்பா கடையில், பெரிய காடாத் துணி உறைக்குள் தளர்வாகத் தொங்குகிறது. இதுவரை ரெண்டு பேர் தலையணை என்று நினைத்து விலை கேட்டுவிட்டார்கள்.